பலகை மேல் பரிமளா

பரிமளாவுக்குச் சந்தேகம் என்பது மூக்குத்தி மாதிரி. குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள், தூங்கும்போதும் கழற்ற மாட்டாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலால் தொட்டுப் பார்ப்பாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டால் பையை மடிக்கு இழுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளிடம் ஜெனிஃபர் வலிய வந்து உதவி செய்கிறேன் என்று நின்றால் என்ன ஆகும்?

திருப்புலிவனத்தில் பெண்களே சேர்ந்து நடத்தும் கரகாட்டக் குழு ஒன்று இருந்தது. தையல்கடை வைத்திருக்கும் பிரபா அக்காதான் அதற்குத் தலைவி. தை மாதக் கடைசியில் காஞ்சிபுரத்தில் நடக்கும் கிராமிய நடனப் போட்டிக்கு வருடாவருடம் போவார்கள். மற்ற ஊர்க் குழுக்கள் ஏணி ஏறும், தீப்பந்தம் சுழற்றும். இவர்களுடைய கடைசி அடவு தோள்பலகை. திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களைப் பார்த்துப் பிரபா அக்கா உண்டாக்கியது. நான்கு பெண்கள் ஒரு பலகையின் நான்கு மூலையையும் தோளில் தாங்குவார்கள். அதன் மேல் ஒருத்தி தலையில் கரகத்தோடு நின்று, கையை விரித்தபடி ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

அந்த ஒருத்தி பரிமளா. பத்தாவதோடு படிப்பு நின்றுபோய், வீட்டில் மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள். கூட்டத்தில் அவள் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. பலகை மேல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஊர் அவளை அண்ணாந்து பார்க்கும். அதற்காக வருடம் முழுக்க எதையும் பொறுத்துக்கொள்வாள்.

தீபாவளி முடிந்து முதல் ஒத்திகையிலேயே பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு மூலையைத் தாங்கிய கனகா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால ஆவாதுக்கா. போன வருசம் இவ்ளோ கனம் இல்ல. மேல நிக்கறது பரிமளாவா, நெல்லு மூட்டையான்னு தெர்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பிரபா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"பரிமளா, கோச்சிக்காத. நீ கொஞ்சம் ஒடம்பு போட்டுக்கீற. நாலு கிலோ கொறைச்சினு வா. இல்லாங்காட்டி இந்த வருசம் ஜெனிஃபரத்தான் ஏத்தணும். அவதான் ஈர்க்குச்சி மாதிரி கீறா."

இன்னொரு மூலையைத் தாங்கிய ஜெனிஃபரின் முகம் வெளுத்தது. அவள் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். சந்தோஷத்தை மறைக்கிறாள் என்று பரிமளா முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அதே ஜெனிஃபர் பரிமளா வீட்டு வாசலில் நின்றாள். நர்ஸிங் படித்துவிட்டு உத்திரமேரூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். கையில் டார்ச் விளக்கு.

"எய்ந்திரு. ஏரிக்கரை மேல ஒரு நடை போய்ட்டு வரலாம்."

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? நாலு கிலோ கொறைக்க வேணாமா? பட்டினி கெடந்துடாத. காலைல நாஷ்டாவ வுட்டுடக் கூடாது. ரெண்டு இட்லி, ஒரு முட்டை. மத்தியானம் தட்டுல பாதி கீரையும் காயும் இருக்கணும், சோறு அப்புறம்தான். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலா சுண்டல். கலர் சோடா கூடாது. ராத்திரி நேரத்தோட தூங்கிடணும். வாரத்துக்கு அரை கிலோ கொறைஞ்சா போதும். அதுக்கு மேல கொறைஞ்சா ஒடம்பு கெட்டுப்பூடும்."

"கனகா ஒரு பவுடர் சொன்னா. தண்ணில கலக்கிக் குடிச்சா மாசத்துல ஆறு கிலோ எளைக்குமாமே?"

"அத்தத் தொட்ட, கைய ஒடைச்சிடுவேன். அதக் குடிச்சிட்டு எங்க கிளினிக்குக்கு வர்றவங்களை நான் பாக்கறேன். மூஞ்சி மஞ்சப் பூத்துப்போய் வர்றாங்க."

பரிமளாவின் அம்மாவுக்கு ஜெனிஃபர் பேச்சு பிடித்துவிட்டது. "நல்லதுதானே சொல்லுது அந்தப் பொண்ணு," என்றாள்.

நல்லதுதான். அதுதான் பரிமளாவுக்கு இடித்தது. நான் இளைக்காவிட்டால் பலகை யாருக்கு? இவளுக்கு. அப்படியிருக்க இவள் ஏன் பனியில் டார்ச் அடித்துக்கொண்டு என்னை எழுப்ப வரவேண்டும்? சீக்கிரம் இளைக்கும் வழியைச் சொன்னால் ஏன் கையை உடைப்பேன் என்கிறாள்? சாப்பிடு, சாப்பிடு என்கிறாளே, சாப்பிட்டால் இளைக்குமா? மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று சொல்லியே போட்டி நாளைத் தாண்டவைத்துவிடுவாளோ?

ஆனாலும் நடந்தாள். ஜெனிஃபர் முன்னே, இவள் நாலடி பின்னே. பின்னால் நடந்தால்தான் ஒருத்தியைக் கவனிக்க முடியும். ஏரியில் தண்ணீர் கரை தொட நின்றது. ஜெனிஃபர் கரையின் நட்டநடுவில் மட்டுமே நடந்தாள். ஓரத்துக்கு வா, நீர்க்கோழி தெரிகிறது என்றால், "நீயே பாரு" என்பாள். இதிலும் ஏதோ சூது இருக்கிறது, என்னைத்தான் ஓரத்தில் தள்ளுகிறாள் என்று பரிமளாவும் நடுவுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனிஃபர் வீட்டில் எடை பார்ப்பது என்று ஏற்பாடு. கண்ணாடி போட்ட சின்ன மெஷின். முதல் தடவை அறுபத்திரண்டு காட்டியது. அதைப் பிரபா அக்காவும் நேரில் வந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டுக்கு வந்தால் பலகை பரிமளாவுக்கு.

மூன்று வாரம் கீரையும் சுண்டலுமாகப் போனது. மெஷின் அறுபத்தொன்று என்றது.

"இவ்ளோதானா?" என்றாள் பரிமளா.

"நல்லாத்தான் போய்க்கினு கீது. அவசரப்படாத," என்று ஜெனிஃபர் அவள் முதுகில் தட்டினாள். அந்தத் தட்டல் பரிமளாவுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வேதகிரி மாமாவின் நெல் மண்டிக்குப் போனாள். வேதகிரி, பரிமளாவின் அம்மாவுக்குத் தம்பி. அக்கம்பக்கத்து ஊர்களின் நெல்லெல்லாம் அவர் மண்டியில்தான் எடை ஏறும். பரிமளா உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர். குழந்தையாக இருக்கும்போது தோளில் வைத்துக்கொண்டு தேர் காட்டியவர்.

"வாடி என் ஆட்டக்காரி! இன்னா, மாமன் நெனப்பு வந்துச்சா?"

"மாமா, உன் தராசுல ஒரு தபா ஏறிப் பாக்கட்டா?"

"ஏறு, ஏறு. நெல்லுக்கு நல்ல விலை கீது, பாத்து, மூட்டையோட மூட்டையா லாரில ஏத்திடப் போறானுங்க."

மூட்டை நிறுக்கும் பெரிய மின்தராசு அது. மேலே ஏறி நின்றாள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. ஐம்பத்தேழரை.

பரிமளா இறங்கி மறுபடி ஏறினாள். ஐம்பத்தேழரையேதான்.

அவளுக்குக் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது. ஐம்பத்தெட்டைத் தாண்டி வந்தாயிற்று! பலகை தன்னுடையதுதான்! ஜெனிஃபரின் மெஷின்தான் கூட்டிக் காட்டுகிறது. அடியில் எதையாவது திருகி வைத்திருப்பாள், நர்ஸிங் படித்தவளுக்குத் தெரியாதா?

நேராகப் பிரபா அக்காவின் தையல்கடைக்கு ஓடினாள். மூச்சு வாங்க மண்டிக் கணக்கைச் சொன்னாள். பிரபா அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எந்த மெஷின்ல மொதல்ல ஏறினியோ அதுலதான் முடிவும். ஆளுக்கு ஒரு தராசு காட்டினா நான் எதன்னு நம்பறது?"

சரி, அப்படியா, என்று பரிமளா கறுவிக்கொண்டாள். பொய் மெஷினிலேயே குறைத்துக் காட்டுகிறேன். அன்றிலிருந்து காலை இட்லி கன்றுக்குட்டிக்குப் போனது. சுண்டல் கோழிக்குப் போனது. மத்தியானம் இரண்டு கவளம், ராத்திரி வெறும் தண்ணீர். ஜெனிஃபர் கேட்டால், "சாப்ட்டேன்" என்பாள். அம்மா கேட்டால், "ஜெனி வூட்ல சாப்ட்டேன்" என்பாள். அடுத்த ஞாயிறு மெஷின் ஐம்பத்தொன்பதரையைக் காட்டியது.

ஜெனிஃபர் எண்ணைப் பார்த்தாள், பிறகு பரிமளாவின் உதட்டைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஒரு வாரத்துல ஒன்றரைக் கிலோவா? இன்னாடி பண்ற நீ?"

"நீ சொன்னதத்தான்."

அவள் முகம் ஏன் இப்படி இறுகுகிறது? நான் இளைத்தால் இவளுக்கு ஏன் கோபம்? பரிமளாவுக்கு இனி எந்த அத்தாட்சியும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஒத்திகை. பலகை இல்லாமல் தரையிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் மேளம் வேகம் பிடித்தது. பரிமளா ஒரு சுற்று சுற்றினாள். வேப்பமரம், கொடிக்கம்பம், கனகாவின் மஞ்சள் தாவணி எல்லாம் ஒன்றாகிக் கலங்கின. கரகம் ஒரு பக்கம் உருண்டது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள்.

கண்ணைத் திறந்தபோது தலை ஜெனிஃபரின் மடியில் இருந்தது. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சம் தண்ணீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"காலைல இன்னா துன்ன?"

பரிமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நேத்து?"

"உன் மெஷினு பொய் சொல்லுது," என்றாள் பரிமளா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீ திருகி வெச்சிக்கீற. நான் எளைக்கக் கூடாது, நீ மேல ஏறணும். அதானே?"

ஜெனிஃபர் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னது?"

"எங்க மாமா தராசு சொல்லுது."

ஜெனிஃபர் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "பிரபாக்கா, உங்க வூட்டுல பிரிக்காத அரிசிச் சிப்பம் கீதா? இருபத்தஞ்சு கிலோ போட்டு ஒட்டினது. அத்த ரெண்டுலயும் வெச்சிப் பாக்கலாம். எது பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சிப்பூடும்," என்றாள்.

சிப்பத்தை முதலில் ஜெனிஃபர் வீட்டு மெஷினில் வைத்தார்கள். இருபத்தைந்து. பரிமளா மெஷினைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். திருகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மண்டிக்குப் போகட்டும், அங்கே தெரியும்.

மறுநாள் காலையில் பிரபா அக்காவின் மொபெட்டில் முன்னால் சிப்பம், பின்னால் பரிமளா. ஜெனிஃபர் சைக்கிளில் வந்தாள். மண்டியில் அறுவடை நெல் வந்து குவிந்திருந்தது. பரிமளாவின் அப்பா கோபாலும் தன் மூட்டைகளோடு காத்திருந்தார்.

"இன்னாடி, அரிசிய எனக்கே விக்க வந்துட்டியா?" என்று வேதகிரி மாமா சிரித்தார். அதற்குள் பிரபா அக்கா சிப்பத்தைத் தராசில் வைத்துவிட்டாள்.

இருபத்துமூன்று.

பரிமளா எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா சட்டென்று சொன்னார்: "சாக்குக் கழிவு போட்டு வெச்சிக்கீது இல்ல? இது தெரியாதா ஒனக்கு? மேல எத்த வெச்சாலும் சாக்குக்குன்னு ஒரு கிலோ தானா கழிச்சிக்கும்."

பரிமளாவுக்கு முகம் சிவந்தது. நெல் போடுகிற வீட்டில் பிறந்தவள். சாக்குக் கழிவு, சாக்குக் கழிவு என்று அப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் முணுமுணுப்பதைக் கேட்டு வளர்ந்தவள். தானே தராசில் ஏறி நின்றபோது அது நினைவுக்கு வரவே இல்லை. தராசு அவளையும் ஒரு மூட்டை என்று எண்ணிக் கழித்திருக்கிறது.

சிரித்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியதுதான். ஆனால் அவளுக்குள் இருந்த அந்தப் பழைய குணம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

"மாமா, சாக்குக்கு ஒரு கிலோ. இன்னொரு கிலோ எங்க?"

"ஈரம் கீரம் இருக்கும்டி."

"ஒட்டின சிப்பத்துல இன்னா ஈரம்?"

"பேட்டரி வீக்கா கீது. ஆள வரச் சொல்லிக்கீறேன்."

"அன்னிக்கு நான் ஏறினப்போ மூணரை கிலோ கொறைச்சிக் காட்டுச்சி மாமா. கனமா ஏத்த ஏத்த, அது அதிகமா முழுங்குது."

மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கோபால் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை.

"மச்சான், என் மூட்டைங்கள வண்டில திருப்பி ஏத்தச் சொல்லு."

"மாமா, சின்னப் பொண்ணு பேச்சக் கேட்டுக்கினு..." என்று வேதகிரி இழுத்தார்.

"ஏத்தச் சொல்லு."

பரிமளா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். தேர் காட்டிய முகம். அது அவளைப் பார்க்கவில்லை. கை மட்டும் பேட்டரியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா தம்பிக்காக அழுதாள், அப்புறம் புருஷனுக்காக அழுதாள். ஜெனிஃபர் தூக்குச்சட்டியில் கீரைச் சாதம் கொண்டுவந்தாள்.

"துன்னு."

பரிமளா தின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். வந்தது வேறு கேள்வி.

"மெஷினு நெசம். ஒத்துக்கறேன். ஆனா நீ எதுக்கு எனக்கு இவ்ளோ பண்ற?"

ஜெனிஃபர் தூக்குச்சட்டியை மூடினாள். "நாளைக்கு நடக்க வா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பதில் சொல்லாமல் போகிறவளை எப்படி நம்புவது? ஆனாலும் இம்முறை பரிமளா கன்றுக்குட்டியை ஏமாற்றினாள். இட்லியைத் தானே தின்றாள். பட்டினியில் இறங்கிய எடை, சாப்பிட ஆரம்பித்ததும் கொஞ்சம் ஏறியது. அவள் பதறினாள். "தண்ணிதான் திரும்பி வந்துக்கீது, பயப்படாத," என்றாள் ஜெனிஃபர். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வெடித்த உதடு ஆறியது. ஏரிக்கரையைச் சுற்றி வந்தால் முன்போல மூச்சு வாங்கவில்லை. தலை சுற்றல் நின்றது. சந்தேகம் மட்டும் நிற்கவில்லை.

போட்டிக்கு முந்தின ஞாயிறு. பிரபா அக்கா எதிரில் நிற்க, பரிமளா கடைசியாக மெஷினில் ஏறினாள். ஐம்பத்தொன்பது. ஒரு கிலோ பாக்கி.

பிரபா அக்கா பெருமூச்சு விட்டாள். "நீ கஷ்டப்பட்டது தெரியும். ஆனா சொன்னது சொன்னதுதான், இல்லனா நாளைக்கு ஒருத்தியும் என் பேச்சக் கேக்க மாட்டா. ஜெனி, இன்னிக்கு நீ ஏறு. பரிமளா, அவ மூலைய நீ புடி."

இதோ, வந்துவிட்டது. இத்தனை நாள் டார்ச் விளக்குக்கும் கீரைச் சாதத்துக்கும் விலை இதுதான். ஒரே ஒரு கிலோ பாக்கி வருகிற மாதிரி அளந்து ஊட்டியிருக்கிறாள். பரிமளா ஜெனிஃபரின் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது அந்தச் சிரிப்பு வெளியே வரும் என்று பார்த்தாள். ஜெனிஃபர் உதட்டைக் கடித்துக்கொண்டு கரகத்தைத் தலையில் வாங்கினாள்.

மைதானத்தில் பலகையைத் தரையில் வைத்தார்கள். ஜெனிஃபர் ஏறி நின்றாள். நால்வரும் குனிந்து, பிரபா அக்கா கை தட்டியதும் இடுப்புக்குத் தூக்கி, அடுத்த தட்டலில் தோளுக்கு ஏற்றினார்கள். பரிமளாவின் தோளில் பலகை அழுந்தியது. தன் இடத்தைத் தானே சுமப்பது எவ்வளவு கனம் என்று அப்போது தெரிந்தது. தோளைக் கொஞ்சம் இறக்கினால் போதும். ஒரு சாய்ப்பு. யாருக்குத் தெரியப்போகிறது?

நினைத்த மாத்திரத்தில் பலகை ஆடியது. பரிமளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சாய்க்கவே இல்லையே!

பலகை மறுபடி ஆடியது. கனகா சாய்க்கவில்லை, யாருமே சாய்க்கவில்லை. மேலே இருக்கிறவளின் கால் உதறுகிறது. அந்த உதறல் மரத்தின் வழியாக இறங்கிப் பரிமளாவின் கழுத்தெலும்புக்குள் நடுங்கியது.

"சுத்துடி," என்றாள் பிரபா அக்கா.

மேலே கால் நகரவே இல்லை. பிறகு மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அலறல்.

"எறக்குங்கடி! ஐயோ, இயேசப்பா, என்ன எறக்குங்கடி!"

இறக்கியதும் ஜெனிஃபர் தரையில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டாள். கரகத்தை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னாடி ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"ஒசரம்னா எனக்கு ஆவாதுக்கா." ஜெனிஃபர் மூச்சு வாங்கினாள். "சின்னதுலருந்தே. மாடிப்படி ஏறினாக்கூட செவுத்தப் புடிச்சிக்குவேன்."

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ பலகையே வேணாம்னுடுவ. வேற எவளும் ஏற மாட்டா. பலகை இல்லனா நம்மள எவன் திரும்பிப் பாப்பான்? அதான் இந்தக் கயிதைய எப்படியாவது எளைக்க வெச்சிட்டா நான் தப்பிச்சேன்னு..." அவள் பரிமளாவை முறைத்தாள். "பனில வந்து எய்ப்பி, சோறு ஊட்டி, உன் திருட்டு முழிய தெனம் பாத்தனே, எதுக்குன்னு நெனச்ச? நான் இன்னா அன்னை தெரசாவா?"

கனகாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பிரபா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பரிமளாவுக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து உட்கார்ந்தது. இனாமாக வந்த அன்பை அவளால் கடைசிவரை நம்ப முடியவில்லை. இந்தப் பயத்தை நம்ப முடிந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் அவள் தோளில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு கிலோதானேக்கா, நான் தாங்கிக்கறேன்," என்றாள் கனகா. "போன மாசம் மாதிரி இல்ல அவ. மேல நின்னா தொவளாம நிப்பா."

பிரபா அக்கா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "நீங்களே தாங்கறீங்கன்னா எனக்கு இன்னா? ஏறுடி."

பரிமளா பலகையில் ஏறினாள். தூக்குவதற்கு முன் நான்கு மூலையையும் குனிந்து பார்த்தாள். கனகா, அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்த மூலையில் முகம் இன்னும் வெளுத்த ஜெனிஃபர். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது.

கை தட்டல் கேட்டது. பலகை இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது. பள்ளிக்கூட ஓட்டுக்கு மேல் வயல் தெரிந்தது, அதற்கும் அப்பால் ஏரி. அவள் கையை விரித்தாள்.

"சீக்கிரம் சுத்தித் தொலைடி, தோளு போவுது," என்றது கீழேயிருந்து ஜெனிஃபரின் குரல்.

பரிமளா அவசரப்படவில்லை. நின்று, நிதானமாக, முழுச் சுற்றும் சுற்றினாள்.